ராட்டையா, புலியா

என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கொடி இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்புப் பட்டு, ஒரு மூலையில் நீலமும் வெள்ளையும் சிவப்புமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட சின்னக் கட்டம், வெள்ளைக்காரன் கொடி. கம்பு ஒரு குண்டூசி. கொடிகளைப் பற்றித் தெரிந்த யாரும் பார்த்த உடனே சிரிப்பார்கள். அந்தக் கட்டம் கம்பை ஒட்டி இருக்க வேண்டியது. நானோ அதைக் காற்றில் பறக்கிற ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். என் கையால் செய்த முதல் கொடி அது. அப்போது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி நாலு மாதம். சங்ககிரியில் புகுந்த வீடு.

குமாரபாளையத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் வேறு எப்படிச் செய்வாள்? எங்களுக்குத் துணி என்றால் சேலை. சேலையில் வேலைப்பாடெல்லாம் முந்தானையில். இடுப்பில் செருகுகிற முனையில் யாராவது ஜரிகை போடுவார்களா? அந்தக் கணக்கில்தான் அழகான கட்டத்தைப் பறக்கிற பக்கம் வைத்தேன். மாமனார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மீசை ஆடியது. “அம்மிணி, கொடிக்குத் தலை கம்புப் பக்கம். பறக்கிறது வாலு. நீ முந்தானையைப் பறக்க உட்டுட்ட” என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வீட்டில் இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். அதில் அது ஒன்று.

எங்கள் ஆட்களில் தறிக்குழியை விட்டுப் பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர். முதல் யுத்தத்தில் மெசபடோமியா வரை போய், சுபேதாராகப் பென்ஷன் வாங்கி ஊர் திரும்பினார். ஊரே அவரைச் சுபேதார் என்றுதான் கூப்பிட்டது. பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. அவருடைய வெள்ளைக்கார மேஜருக்கு ஈயச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் சண்டை போடுகிற பைத்தியம் இருந்ததாம். ஒவ்வொரு பட்டாளத்துக்கும் பன்னிரண்டு சிப்பாய். அதில் ஒருவன் கொடி பிடிப்பவன். நூல் பிடித்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டி யார் விழுந்தான் என்று பார்க்க வேண்டும். சீமைக்குப் போகும்போது மேஜர் இரண்டு பெட்டி நிறையச் சிப்பாய்களை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பைத்தியமும் கூடவே வந்துவிட்டது.

வீட்டின் நடு அறையை அந்த மேசை அடைத்துக்கொண்டிருந்தது. நடக்க வேண்டுமென்றால் சுவரோரமாகப் பக்கவாட்டில்தான் போக வேண்டும். மேசைமேல் மண்ணைக் குழைத்துச் சங்ககிரி மலையையே கட்டியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலையும் அதன்மேல் ஏறிப்போகும் கோட்டை மதிலும் தெரியும். மைசூர்ச் சுல்தான் காலத்துப் பட்டாளங்கள் ஒரு பக்கம், வெள்ளைக்காரக் கம்பெனிப் பட்டாளங்கள் இன்னொரு பக்கம். சுல்தான் கட்சிக்குத் தளபதி, மாட்டு வியாபாரம் செய்யும் ராவுத்தர். ஓமலூர்ச் சந்தை, மேச்சேரிச் சந்தை என்று அலைந்துவிட்டு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் பொம்மைகளுக்காகத் தொண்டை கிழியச் சண்டை போடுவதை நான் அதற்குமுன் எங்கும் பார்த்ததில்லை.

சண்டை பெரும்பாலும் கொடியைப் பற்றித்தான் இருக்கும். மாமனாருக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்தவன் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பார்த்தவன் எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பட்டாளத்துக்குக் கொடி கிடையாது, மொட்டைக் கம்புதான். ராவுத்தர் சுல்தானுக்குப் பச்சைக் கொடி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். “பார்த்தவன் யாரு?” என்பார் மாமனார். “சுபேதாருங்க, எம் பட்டாளம் பூராவும் துணி காயப்போடற கம்பைத் தூக்கிட்டு நிக்குதுங்க. எதிராளி சிரிச்சே செத்துருவானுங்க” என்பார் ராவுத்தர். மாமனார் அசையமாட்டார். தோற்றுப்போன சண்டையை ஜெயித்ததாகச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். தப்பான கொடியைப் பொறுக்கமாட்டார்.

அவருக்கு வலது கை நடுக்கம் வந்த பிறகு கொடி வேலை எனக்கு வந்தது. தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டு என் பெட்டியில் இருந்தது. அதைக் கத்தரித்து, அணில் வால் முடியில் தூரிகை கட்டி, வேலம்பிசின் கலந்த சாயத்தால் தீட்டி, கஞ்சியில் நனைத்து ஊசியில் சுற்றிக் காயவைத்தால், எடுக்கும்போது காற்றில் அசைவதுபோல மடிப்பு விழும். வேலை பிடித்திருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மாமியார் இல்லாத அந்த வீட்டில் செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

என் கணவரும் பட்டாளத்தில்தான். கல்யாணத்துக்கு வந்த லீவு நாற்பது நாள். திரும்பிப் போகும்போது இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பலில் மலேயாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரியும். வாசலில் நின்று அப்பா காலில் விழுந்தார். நான் திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். மற்ற அப்பன்மார் பத்திரமாக வா என்பார்கள். இவர் சொன்னது வேறு. “உப்பைத் தின்னுட்டுக் கொடி மாறினவன் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. ஞாபகம் வெச்சுக்க.” என் கணவர் “சரிங்க ஐயா” என்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அப்பா முன்னால் என்ன சொல்வார்?

அவர் போன பிறகு மாமனார் மேசையின் ஓரத்தில் புதிதாகப் பன்னிரண்டு சிப்பாய்களை நிறுத்தினார். மகன் இருந்த படைப்பிரிவு, பட்டாளத்துப் பேச்சில் மகனுடைய கம்பெனி. இந்தக் காலத்தில் கொடியைச் சண்டைக்கு எடுத்துப் போவதில்லை, அது பட்டாளத்து டிப்போவில் பூட்டிக் கிடக்கும் என்று அவரே சொல்வார். இருந்தாலும் மகனுக்குக் கொடி இல்லாமல் இருக்க அவருக்கு மனசு வரவில்லை. நான்தான் தீட்டினேன். தலை கம்புப் பக்கம், வால் பறக்கிற பக்கம், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த செய்தி வந்தது. அப்புறம் சர்க்கார் கடிதம் வந்தது. காணவில்லை என்று அதில் இருந்தது. செத்தார் என்றும் இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. அன்று சாயங்காலம் மாமனார் அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து கொடியை உருவி எடுத்துவிட்டு மொட்டைக் கம்பை வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கே மொட்டை போட்டதுபோல இருந்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பு அப்படியே நின்றது. நானும் நின்றேன். தாலி கழுத்தில் இருக்கிறது, புருஷன் எங்கே என்று தெரியாது. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், துக்க வீட்டில் முன்னால் உட்கார விடமாட்டார்கள். குமாரபாளையம் பதினைந்து மைலுக்குள்தான். கரி போட்டு ஓட்டும் பஸ் புகை கக்கிக்கொண்டு எங்கள் தெரு முனையில் நின்றுதான் போகும். அதன் சத்தம் கேட்டாலே அடுப்படியில் கை வேலை நின்றுவிடும். ஒருநாள் துணிந்து கேட்டேன். “ஏனுங்க மாமா, அம்மா ஊட்டுக்கு ஒரு மாசம் போயிட்டு வாரனுங்க.” அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “போனா ஊரு என்ன பேசும் சாமி? பையன் போயிட்டான், அதான் மருமவளைப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்கன்னு பேசும். தகவல் வரட்டும்.”

தகவல் வரட்டும். இந்த இரண்டு வார்த்தையில் என் இளமை முக்கால்வாசி போயிற்று. நான் அந்த வீட்டில் இருக்கும்வரை அவர் மகன் உயிரோடு இருப்பதாக ஊர் நம்பும். அதற்காக என்னை நிறுத்தி வைத்திருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். என் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் தன் தட்டில் கை வைப்பார். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. திட்டுகிற மாமனாராக இருந்தால் ஊரைக் கூட்டிவிட்டு வெளியேறியிருக்கலாம். அன்பான ஆளிடமிருந்து எந்த வாசல் வழியாகப் போவது? கிணற்றடி, அடுப்படி, மேசை அறை என்று சுற்றிச் சுற்றி வந்தேன். ஜன்னலில் மலை, மேசைமேலும் அதே மலை. சில நாள் அந்த ஈயச் சிப்பாய்களை அள்ளி அடுப்பில் போட்டு உருக்கிவிடலாமா என்று தோன்றும். ஈயம் சீக்கிரம் உருகும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஒரு மார்கழிக் காலை. ராவுத்தர் வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் வந்தார். கூட ஓர் ஆள், ஓமலூர்ப் பக்கத்துக்காரன், ஒரு கால் சரியாக ஊன்றாமல் நடந்தான். மூன்று பேரும் மேசை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மோர் கொண்டுபோனேன். உள்ளே போனதும் பேச்சு நின்றது. ராவுத்தர் மேசையைப் பார்த்தார். அந்த ஆள் என் தாலியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் மாமனார் குரல் மட்டும் கேட்டது. “எந்த நெறம் மேல? நீ உங் கண்ணால பார்த்தியா?” திரும்பத் திரும்ப அதுதான். இன்னொரு பழைய பட்டாளத்தின் கொடி விவகாரம் என்று நினைத்து அரிசி களையப் போய்விட்டேன். அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. வாசலில் ஆள் வந்தால் நான் தகவலோ என்று ஓடி வருகிறேன், இவருக்குக் கொடிப் பைத்தியம் தெளியவில்லையே என்று.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். ராவுத்தரோடு சண்டை போடுவது குறைந்தது. பகடையை உருட்டுவார், எத்தனை விழுந்தது என்று பார்க்க மறந்துவிடுவார். ராவுத்தர் ஓமலூர்ச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் வாசல்வரை போய் எதையோ சொல்லி அனுப்புவார். திரும்பி வந்ததும் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஒருமுறை என் காதில் விழுந்தது இரண்டே சொற்கள். ராட்டை, புலி. என்ன ராட்டை, என்ன புலி என்று எனக்குப் புரியவில்லை. கேட்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை.

ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். கொடி ஒன்று வேண்டும் என்றார். காவி மேலே, வெள்ளை நடுவில், பச்சை கீழே. வெள்ளையின் நடுவில் ராட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கொடியைத் தெரியாதவர் அன்று யார்? கதர்க்காரர்கள் ஊர்வலத்தில் பிடித்துப்போய் அடி வாங்குகிற கொடி. சர்க்கார் பென்ஷன் வாங்கும் சுபேதார் வீட்டில் அதைத் தீட்டச் சொல்கிறார். “கதர்க்காரங்களுக்கு ஏதுங்க மாமா பட்டாளம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் தூரிகையை எடுத்து என் பக்கம் நீட்டினார். ராட்டை தறிக்காரி கைக்குச் சொல்லித்தரவா வேண்டும்? சக்கரம், கதிர், கைப்பிடி எல்லாம் கடுகளவில் தீட்டினேன். கஞ்சி போட்டுக் காயவைத்துக் கொடுத்தேன். நடுங்குகிற கையால் வாங்கி மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தார். மகனுடைய பன்னிரண்டு பேரிடம் போனார். மொட்டைக் கம்பை எடுத்துவிட்டு அந்தக் கொடியை வைத்தார்.

பார்த்தவன் சொல்லாத கொடியை அவர் வைக்கமாட்டார். அப்படியானால் யாரோ பார்த்திருக்கிறான். ஜப்பான்காரனிடம் பிடிபட்ட சிப்பாய்கள் சிலர் அங்கே வெள்ளைக்காரச் சர்க்காருக்கு எதிராகவே சுதந்திரப் படை திரட்டியிருக்கிறார்கள் என்று ஊரில் காதோடு காதாகப் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. என் புருஷன் உயிரோடு இருக்கிறார். கொடி மாறியிருக்கிறார். அவர் முன்னால் போய் நின்று கேட்டேன். “எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“மார்கழியில. அந்த ஓமலூர்க்காரன் அங்கிருந்து தப்பிச்சு வந்து சொன்னான்.”

“ஆறு மாசமா எனக்கு ஏனுங்க சொல்லலை?”

“ராட்டையா புலியான்னு தெரியலை சாமி. ஒருத்தன் ராட்டைன்னான், ஒருத்தன் பாயற புலின்னான். இப்பத்தான் தீர்ந்துது.”

அன்றுதான் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன். ராட்டையா புலியா என்று தெரிய என்னை ஆறு மாதம் காயப்போட்டீர்களா, நான் மனுஷியா இல்லை உங்கள் ஈயப் பொம்மையா என்று கத்தினேன். தெருவில் கேட்டிருக்கும். நான் ஓய்ந்த பிறகு சொன்னார். “போலீசுக்குத் தெரிஞ்சா உன்னையும் இழுப்பாங்கன்னு பயம். அது பாதி. மீதி, எனக்கே மனசு வரலை. அவன் எம் பையன் அம்மிணி. எந்தக் கொடிக்குக் கீழ நின்னானோ அதைத்தான் நான் வைக்க முடியும். வந்தான்னா வரட்டும். கதவு தெறந்துதான் கெடக்கும்.” பிறகு அவரே தெரு முனைக்குப் போய் பஸ்ஸை நிறுத்தி வைத்தார். தகவல் வந்துவிட்டதல்லவா, நான் போகலாம். பெட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகப் பின்னால் அழுதிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. ஐப்பசி அடைமழையில் மாமனார் போய்விட்டார். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். ராவுத்தர் சுடுகாட்டுக்கு வெளியே மழையில் குடை விரிக்காமல் நின்றுகொண்டிருந்தார் என்று சொன்னார்கள். காரியம் முடிந்து அந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நான் மறுபடி குமாரபாளையம் போனேன்.

தை மாதம் என் கணவர் வந்தார். எங்கள் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. தோளெலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா இல்லை என்று கேட்டதும் அழவில்லை, வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சங்ககிரிக்குக் கூட்டிப் போனேன். பூட்டைத் திறந்தேன். மண் மலையில் கரையான் ஏறியிருந்தது. சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து மேசையின் அந்த ஓரத்துக்குப் போனார். பன்னிரண்டு பேரையும் அந்தக் கொடியையும் வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு கம்பெனி?”

“உங்களுதுதானுங்க” என்றேன்.

குனிந்து ராட்டையைக் கிட்டத்தில் பார்த்தார். “கொடி சரிதான். இப்படியேதான் இருந்துச்சு. நான்தான் அங்க இல்லை” என்றார். எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். கம்பெனியில் பாதிக்கு மேல் அந்தப் படைக்குப் போய்விட்டார்களாம். இவரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். போகவில்லை. போகாதவர்களை ஜப்பான்காரர்கள் கப்பலில் ஏற்றி ஏதோ தீவில் மூட்டை சுமக்க விட்டிருக்கிறார்கள். பட்டினி, அடி, காய்ச்சல். கப்பலேற்றும்வரை அந்தக் கொடியை முகாம் முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்த்திருக்கிறார். ஓமலூர்க்காரன் பார்த்ததும் கொடியைத்தான். கம்பெனி போய்விட்டது என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். எந்த நிறம் மேலே என்று அவனை அத்தனை முறை கேட்ட மனுஷன், என் பையனை உன் கண்ணால் பார்த்தாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதை நானும் எட்டிவிட்டேன்.

“ஏனுங்க போகலை?” என்று கேட்டேன்.

“போகோணும்னுதான் இருந்துச்சு. ராத்திரி தூங்கமாட்டேன். ஐயன் வாசப்படியில நின்னு சொன்னது காதுலயே இருந்துச்சு. அந்த மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு இருந்துட்டேன்.”

அவர் அப்பா கடைசியில் சொன்னதை நான் மறைத்திருக்கலாம். கொடி ராவுத்தரின் விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் என்னிடம் மறைத்ததற்காக ஒரு கிழவரிடம் கத்திவிட்டுப் போனவள் நான். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆனி மாதத்து மத்தியானத்தை அப்படியே சொன்னேன். நடுங்குகிற கையால் அவரே அந்தக் கொடியை வைத்ததை, வந்தால் வரட்டும், கதவு திறந்துதான் கிடக்கும் என்றதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் போயிருக்கலாமா?” என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டு ஈயச் சிப்பாய்களைப் பார்த்துக் கேட்டார்.